ஆடுதிரை – 7: வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து

சன்னிவேல் நகரத்து மதுக்கடையில் காசு நிரம்பி வழிந்து மக்கர் செய்த 'பாங்' இயந்திரத்தைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் முதல் வெற்றி அது. வெற்றிக்கு முன்கதை ஒன்று உண்டு. அதைத் தோண்டி எடுத்தவர்கள் வழக்கறிஞர்கள்.

1972 மே மாதம். மேக்னவாக்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் தன்னுடைய புதுச் சரக்குகளை வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காக ஊர் ஊராகக் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தது. மே 24 அன்று கலிஃபோர்னியாவின் பர்லிங்கேமில் கடை விரித்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு நடுவே விநோதமான ஒரு சாதனமும் இருந்தது. தொலைக்காட்சியின் ஆண்டெனா முனையில் அதை இணைத்து, ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டால் திரையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளை நகர்த்தலாம். மூன்றாவது புள்ளிதான் பந்து. இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் போகும். சாதனத்தின் பெயர் ஒடிசி.

வந்தவர்கள் எல்லோரும் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். நட்டிங் அசோசியேட்ஸ் நிறுவனத்திலிருந்து வந்திருந்த 29 வயதுப் பொறியாளர் ஒருவரும் எழுதினார். உள்ளே போய் ஒடிசியில் டேபிள் டென்னிஸ் ஆடிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை என்ற நினைப்போடு கிளம்பிவிட்டார். அவர்தான் நோலன் புஷ்னெல்.

ஜூன் 27 அன்று அவரும் கூட்டாளி டெட் டாப்னியும் சேர்ந்து அட்டாரியைப் பதிவு செய்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற பொறியாளருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, இரண்டு மட்டைகளும் ஒரு பந்தும் கொண்ட எளிய விளையாட்டு. பாங் ஆனது அதுதான். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் கேட்கிறது என்று புஷ்னெல் அவரிடம் சொல்லியிருந்தார். அப்படி எந்த ஒப்பந்தமும் கிடையாது. பையன் கை பழகட்டும் என்பதற்காகச் சொன்ன பொய்.

ஆல்கார்ன் கொடுத்ததைவிட அதிகமாகச் செய்தார். பந்து மட்டையின் எந்த இடத்தில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறியது. ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடியது. 'டொக்' என்று ஒலி வந்தது. மதிப்பெண் திரையிலேயே தெரிந்தது. இவற்றில் எதுவும் ஒடிசியில் இல்லை. ஒடிசி வாங்கியவர்கள் கண்ணாடித்தாள் போன்ற வண்ணப் படங்களைத் திரையில் ஒட்டிக்கொண்டு, மதிப்பெண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஆடினார்கள்.

எது நல்ல ஆட்டம் என்று எந்தச் சிறுவனிடம் கேட்டாலும் பாங் என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் நீதிமன்றத்தில் அந்தக் கேள்வி எழவே இல்லை.

நான்கு பக்கங்கள்

ரால்ஃப் பேயர் 1922-இல் ஜெர்மனியில் பிறந்த யூதர். யூதர் என்பதற்காகவே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1938 ஆகஸ்டில் குடும்பம் நியூயார்க்குக்குத் தப்பி வந்தது. யூதர்களின் கடைகளும் கோயில்களும் நொறுக்கப்பட்ட அந்த நவம்பர் இரவுக்கு மூன்றே மாதங்களுக்கு முன்னால். அஞ்சல் வழியில் வானொலி பழுதுபார்ப்பு கற்றார், கடைகடையாக வேலை பார்த்தார், போரின்போது அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவில் இருந்தார். போர் முடிந்ததும் சிகாகோவில் தொலைக்காட்சிப் பொறியியல் படித்தார். அன்றைக்கு அந்தப் பெயரில் ஒரு பட்டம் இருந்ததே புதுமை.

1951-இல் லோரல் என்ற நிறுவனத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வடிவமைக்கச் சொன்னார்கள். அதற்குள் ஒரு விளையாட்டையும் சேர்த்தால் என்ன என்று பேயர் கேட்டார். மேலதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. யோசனை பதினைந்து ஆண்டுகள் தூங்கியது.

1966 ஆகஸ்ட் கடைசி. பேயர் அப்போது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரில், ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்து கொடுக்கும் சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவர். வேலையாக நியூயார்க் போனவர், பேருந்து நிலையத்தில் சக ஊழியர் ஒருவருக்காகக் காத்திருந்த நேரத்தில் குறிப்புகள் கிறுக்கினார். அமெரிக்க வீடுகளில் கோடிக்கணக்கான தொலைக்காட்சிகள் இருக்கின்றன. நிலையங்கள் ஒளிபரப்புவதைப் பார்ப்பதைத் தவிர அவற்றால் வேறு பயன் இல்லை. அவற்றை ஆட்டத்துக்குப் பயன்படுத்தினால்?

செப்டம்பர் 1 அன்று அலுவலகம் திரும்பியதும் குறிப்புகளை நான்கு பக்கங்களாக விரித்து எழுதினார். தொலைக்காட்சியில் ஆடக்கூடிய விளையாட்டு வகைகளைப் பட்டியல் இட்டார். பிறகு பொறியாளர்களுக்கே உரிய ஒரு காரியம் செய்தார். சக பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, படித்துப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் தேதியோடு கையெழுத்து வாங்கினார். ராணுவ ஒப்பந்த நிறுவனங்களில் அது அன்றாடப் பழக்கம். எந்தக் கண்டுபிடிப்பு எந்த நாளில் யார் மூளையில் உதித்தது என்பதற்குப் பின்னால் சான்று வேண்டியிருக்கும்.

நிர்வாகத்திடமிருந்து கிடைத்த தொகை 2,500 டாலர். கூலிக்கு 2,000, பொருள்களுக்கு 500. பில் ஹாரிசன் என்ற தொழில்நுட்பப் பணியாளர் பற்றவைப்புக் கோலைக் கையில் எடுத்தார். 1967-இல் பில் ரஷ் என்ற பொறியாளர் சேர்ந்தார். அதுவரை திரையில் இருந்தவை ஆட்டக்காரர்கள் நகர்த்தும் இரண்டு புள்ளிகள் மட்டுமே. ஒன்றை ஒன்று துரத்தலாம், பிடிக்கலாம், அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு புள்ளி இருக்கட்டும், அதை ஆட்டக்காரர் யாரும் தொட முடியாது, இயந்திரமே நகர்த்தட்டும் என்றார் ரஷ். மட்டை வந்தது, பந்து வந்தது. அந்த நவம்பரில் ஆய்வகத்தில் பிங்பாங் ஆடினார்கள்.

மரப்பலகை போன்ற தாள் ஒட்டிய ஒரு பெட்டி 1968-இல் தயாரானது. பழுப்புப் பெட்டி என்றே அதற்குப் பெயர். தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஆர்.சி.ஏ. கையெழுத்துப் போடும் கட்டம் வரை வந்து பின்வாங்கியது. கடைசியில் மேக்னவாக்ஸ் 1971 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு ஒடிசி கடைக்கு வந்தது. விலை சுமார் 100 டாலர்.

மேக்னவாக்ஸின் சொந்த விற்பனையாளர்களிடம் மட்டுமே அது கிடைத்தது. அந்த நிறுவனத்தின் தொலைக்காட்சி இருந்தால்தான் வேலை செய்யும் என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில் சுமார் 3,50,000 பெட்டிகள் விற்றன. மோசமில்லை, பிரமாதமும் இல்லை. மேக்னவாக்ஸுக்கு உண்மையான சம்பாத்தியம் வேறு திசையிலிருந்து வரவிருந்தது.

1972 ஏப்ரலில் ரஷ்ஷின் பெயரிலும், 1973 ஏப்ரலில் பேயரின் பெயரிலும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் சான்று வழங்கியது. பேயருடையதன் எண் 3,728,480. வழக்குகள் முழுக்க அதை '480 என்றே சுருக்கி அழைத்தார்கள்.

சிகாகோவில் வழக்கு

பாங் வெற்றி பெற்றதும் பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் போலவே செய்தார்கள். மின்சுற்றைப் பிரித்துப் பார்த்து அப்படியே நகல் எடுப்பதற்கு அன்றைக்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவைப்படவில்லை. பேடில் பேட்டில், டிவி பிங்பாங், பேடில் பால் என்று ஆளுக்கொரு பெயர். அட்டாரி கோபப்பட்டது. தன் ஆட்டத்தைத் திருடுகிறார்கள் என்று புலம்பியது.

மேக்னவாக்ஸின் கண்ணுக்கு அட்டாரியும் அந்த வரிசையில் ஒரு நகல்காரர். 1974 ஏப்ரலில் மேக்னவாக்ஸும் சாண்டர்ஸும் சேர்ந்து அட்டாரி, அல்லைட் லெஷர், பாலி மிட்வே, சிகாகோ டைனமிக் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. காசு போட்டு ஆடும் இயந்திரத் தொழிலின் தலைநகரம் சிகாகோ. வழக்கும் அங்கேயே நடந்தது.

அட்டாரியின் வழக்கறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். வழக்கை நடத்துவதற்கு ஆகும் செலவே நிறுவனத்தின் கையிருப்பைத் தாண்டும். ஜெயிப்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எதிர்த்தரப்பிடம் பேயரின் நான்கு பக்கங்கள் இருந்தன. ஹாரிசனும் ரஷ்ஷும் நாள்வாரியாக எழுதிய ஆய்வக ஏடுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக பர்லிங்கேம் கண்காட்சியின் வருகைப் பதிவேடு இருந்தது. அதில் புஷ்னெலின் கையெழுத்து. பாங் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால்.

ஒடிசியை ஆடிப் பார்த்ததை புஷ்னெல் மறுக்கவில்லை. அது சுவாரசியமாகவே இல்லை என்றார். சட்டத்துக்கு அது பொருட்டல்ல. சுவாரசியமில்லாத கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை உண்டு.

1976 ஜூனில், விசாரணை தொடங்குவதற்கு முன்பே, அட்டாரி சமரசத்துக்கு வந்தது. 15 லட்சம் டாலரைத் தவணை முறையில் கொடுத்து உரிமம் பெற்றுக்கொள்வது, அடுத்த ஓராண்டில் அட்டாரி அறிவிக்கும் அல்லது வெளியிடும் பொருள்களின் தொழில்நுட்ப விவரங்களை மேக்னவாக்ஸுக்குத் தருவது என்பவை நிபந்தனைகள். பார்த்தால் தோல்விதான். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் கதை வேறு. அட்டாரி ஒரு குறிப்பிட்ட தொகையோடு முடித்துக்கொண்டது. மற்றப் போட்டியாளர்கள் ஒவ்வொருவரும் விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் மேக்னவாக்ஸுக்கு ராயல்டி அழ வேண்டும். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் வார்னர் நிறுவனம் அட்டாரியை 2.8 கோடி டாலருக்கு வாங்கியது. காப்புரிமை வழக்கு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த விற்பனை அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

மிச்சமிருந்த நிறுவனங்கள் வழக்கை நடத்திப் பார்த்தன. 1977 ஜனவரி 10 அன்று நீதிபதி ஜான் கிரேடி தீர்ப்பளித்தார். வீடியோ கேம் துறையின் முன்னோடிக் காப்புரிமை '480 தான் என்றார். பிரதிவாதிகளின் ஆட்டங்கள் அதை மீறியிருக்கின்றன என்றார்.

தீர்ப்பின் கூர்முனை ரஷ்ஷின் காப்புரிமையில் இருந்தது. ஆட்டக்காரர் நகர்த்தும் ஓர் உருவம், திரையில் இருக்கும் இன்னோர் உருவத்தைத் தொடுகிறது. தொட்டதை மின்சுற்று உணர்கிறது. உடனே அந்த இரண்டாவது உருவத்தின் போக்கு மாறுகிறது. காப்புரிமை கோரியது இதைத்தான். பந்து, மட்டை, டென்னிஸ், ஹாக்கி என்ற சொற்கள் எதுவும் அங்கே முக்கியமில்லை. இப்படி எழுதியதால்தான் வலை அவ்வளவு அகலமாக விழுந்தது. பட்டுத் திரும்புகிற எந்தப் பந்தும் அதற்குள் சிக்கும்.

வசூல் காலம்

1976-இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் பந்து-மட்டை ஆட்டங்கள் முழுவதையும் அடக்கிய ஒரே சில்லு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வீடியோ கேம் பெட்டி செய்வதற்குப் பொறியாளர் படை வேண்டியதில்லை. சில்லை வாங்கி, பெட்டியில் போட்டு, கைப்பிடி வைத்தால் போதும். தோல் பொருள்களில் தொடங்கி நீச்சல் தொட்டி வரை விற்றுக்கொண்டிருந்த கோலெகோ நிறுவனம் அப்படித்தான் டெல்ஸ்டார் என்ற பெட்டியோடு களத்தில் குதித்தது.

குதித்ததும் வழுக்கியது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் சோதனையில், அக்கம்பக்கத்துத் தொலைக்காட்சிகளுக்கு இடையூறான அலைகளை வெளியிடுவதாகச் சொல்லி டெல்ஸ்டாரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் சரி செய்யாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வியாபார நேரம் கைநழுவிவிடும். கோலெகோ ஓடிப்போய் நின்ற இடம் ரால்ஃப் பேயரின் ஆய்வகம். ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கோத்து பேயர் சிக்கலைத் தீர்த்துவைத்தார். டெல்ஸ்டார் அந்த ஆண்டு அமோகமாக விற்றது. கோலெகோவின் விற்பனையிலிருந்து சாண்டர்ஸுக்கும் பங்கு வரும் என்பதால் அது வெறும் உபகாரம் இல்லை.

எல்லோரும் இப்படி இணங்கிப் போகவில்லை. மேட்டல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன் பெட்டி விளையாட்டுகளுக்குப் பெயர் போனது. பேஸ்பால், ஹாக்கி, கால்பந்து எல்லாவற்றிலும் பந்து பட்டுத் திரும்புகிறது. மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது. 1982-இல் சிகாகோ நீதிமன்றத்தில் மேட்டல் தோற்றது.

ஆக்டிவிஷன் வழக்கு இதைவிட நூதனமானது. அட்டாரியிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறிய நிரலாளர்கள் 1979-இல் தொடங்கிய நிறுவனம் அது. பெட்டி எதுவும் செய்யவில்லை. அட்டாரி 2600 பெட்டியில் செருகி ஆடும் கார்ட்ரிட்ஜ்களை மட்டும் விற்றது. அட்டாரியின் பெட்டிக்கு உரிமம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஓடும் ஆட்டத்துக்குத் தனியாக எதற்கு உரிமம் என்பது ஆக்டிவிஷனின் வாதம். உரிமம் அட்டாரியின் பெட்டிக்கும் அட்டாரியின் ஆட்டங்களுக்கும் மட்டுமே, ஆக்டிவிஷனின் டென்னிஸ் கார்ட்ரிட்ஜைச் செருகும்போது அங்கே புதிதாக ஒரு மீறல் நிகழ்கிறது என்றது மேக்னவாக்ஸ். கலிஃபோர்னிய நீதிமன்றம் மேக்னவாக்ஸின் பக்கம் நின்றது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களிடம் வழக்கமான ஆயுதம் ஒன்று இருந்தது. பேயருக்கு முன்பே வேறு யாரோ இதைச் செய்துவிட்டார்கள் என்று காட்டிவிட்டால் காப்புரிமை செல்லாமல் போகும். எம்.ஐ.டி. மாணவர்கள் 1962-இல் எழுதிய 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தை அடிக்கடி இழுத்தார்கள். அலமாரிகளைப் போல நிற்கும் பி.டி.பி.-1 கணினியில் ஓடிய ஆட்டம் அது. வீட்டுத் தொலைக்காட்சியோடு அதற்குச் சம்பந்தமில்லை. நீதிபதிகள் மசியவில்லை.

இயற்பியலாளரின் டென்னிஸ்

ஜப்பானின் நின்டெண்டோ இந்த வரிசையில் வித்தியாசமான எதிரி. 1977-இல் அது வெளியிட்ட கலர் டிவி-கேம் பெட்டிகள் மேக்னவாக்ஸிடம் உரிமம் பெற்றவை. ஆனால் 1985-இல், தன்னுடைய என்.இ.எஸ். பெட்டியை அமெரிக்காவில் இறக்கும் நேரத்தில், நின்டெண்டோவே முந்திக்கொண்டு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. மேக்னவாக்ஸின் காப்புரிமைகளைச் செல்லாதவை என்று அறிவிக்கக் கேட்டது. (ஜப்பானில் ஃபாமிகாம் என்று விற்ற அதே இயந்திரம்தான் என்.இ.எஸ். தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் மரியோவும் கான்ட்ராவும் ஓடிய மலிவான 'டிவி கேம்' பெட்டிகள் அதன் நகல்களே.)

நின்டெண்டோவின் கையில் வேறொரு சான்று இருந்தது. வில்லியம் ஹிகின்போதம்.

நியூயார்க் மாநிலத்தின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஹிகின்போதம் கருவியியல் பிரிவின் தலைவர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் மின்னணுப் பணி செய்தவர். பின்னர் அணு ஆயுதப் பரவலுக்கு எதிராக வாழ்நாள் முழுதும் உழைத்தவர். ஆண்டுக்கொரு முறை பொதுமக்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். வெறும் படங்களையும் கருவிகளையும் பார்த்து அலுத்துப் போகிறார்களே என்று 1958 அக்டோபரில் ஓர் ஏற்பாடு செய்தார். ஐந்து அங்குல அலைநோக்கித் திரையில், பக்கவாட்டிலிருந்து பார்த்தாற்போல ஒரு டென்னிஸ் மைதானம், நடுவே வலை. ஒளிப்புள்ளி பந்தாகத் துள்ளியது. கையில் குமிழும் பொத்தானும். ஒப்புமைக் கணினி பந்தின் பாதையைக் கணக்கிட்டது.

கூட்டம் வரிசையில் நின்று ஆடியது. மறு ஆண்டு பெரிய திரையில் மீண்டும் வைத்தார்கள். பிறகு கருவியைப் பிரித்து உதிரிகளை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். காப்புரிமை கோருவது பற்றி ஹிகின்போதம் யோசிக்கவில்லை. கோரியிருந்தாலும் அரசு ஆய்வுக்கூடம் என்பதால் அது அமெரிக்க அரசுக்கே போயிருக்கும்.

பந்து இருக்கிறது, டென்னிஸ் இருக்கிறது, எட்டு ஆண்டுகள் முந்தியது. நின்டெண்டோவுக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்க முடியாது. ஆயினும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அலைநோக்கியில் ஒளிக்கற்றை நேரடியாகக் கோடு வரைகிறது. பேயரின் காப்புரிமையோ தொலைக்காட்சிக்குரிய வீடியோ சமிக்ஞையை உண்டாக்கி, அதில் உருவங்களை இயக்குவது. ஹிகின்போதத்தின் கருவியில் வீடியோ சமிக்ஞையே கிடையாது. ஆகவே அது முன்சான்றாகாது.

மேக்னவாக்ஸ் மறுபடியும் வென்றது. வீடியோ கேமின் தந்தை யார் என்ற பட்டிமன்றம் இன்றுவரை இணையத்தில் நடக்கிறது. ஹிகின்போதத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் பலர். சட்டப்படி அந்த வாதம் நியூயார்க்கிலேயே முடிந்துவிட்டது.

25 கோடி டாலர் வந்த வழியும் போன வழியும்

அதே காலத்தில் நின்டெண்டோ இன்னொரு வழக்கில் பிரதிவாதியாக நின்றது. அதில் முடிவு நேர்மாறானது.

கனெக்டிகட் மாநிலத்தில் ஆல்பெக்ஸ் என்ற சிறிய கணினி நிறுவனம் இருந்தது. அங்கே வாலஸ் கிர்ஷ்னர், லாரன்ஸ் ஹாஸ்கெல் என்ற இரு பொறியாளர்கள் எழுபதுகளின் நடுவில் ஒரு யோசனையோடு வந்தார்கள். ஆட்டத்தைப் பெட்டிக்குள்ளேயே மின்சுற்றாக நிரந்தரமாக அமைப்பதற்குப் பதிலாக, நுண்செயலி ஒன்றை வைத்து, ஆட்டங்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்தால்? ஃபேர்சைல்ட் நிறுவனம் உரிமம் வாங்கியது. ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளரின் தலைமையில் அதைச் சந்தைக்கு ஏற்ற பொருளாக்கியது. 1976-இல் வந்த ஃபேர்சைல்ட் சேனல் எஃப் பெட்டிதான் மாற்றிப் போடும் கார்ட்ரிட்ஜ் கொண்ட முதல் வீட்டு வீடியோ கேம். மறு ஆண்டு ஆல்பெக்ஸுக்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 4,026,555.

சேனல் எஃப் பெரிதாக விற்கவில்லை. காப்புரிமை பிழைத்தது. 1986-இல் ஆல்பெக்ஸ் நின்டெண்டோ மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. எட்டு ஆண்டுகள் இழுத்த வழக்கில், 1994-இல் ஜூரி ஆல்பெக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வட்டியோடு சேர்த்து நின்டெண்டோ கட்ட வேண்டிய இழப்பீடு 25 கோடி டாலருக்கு மேல். பெயரே யாருக்கும் தெரியாத ஒரு நிறுவனத்துக்கு, உலகின் மிகப் பெரிய வீடியோ கேம் நிறுவனம்.

நின்டெண்டோ மேல்முறையீடு செய்தது. காப்புரிமை வழக்குகளுக்கென்றே இருக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தில் விவாதம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றியது: திரையில் படம் எப்படி உருவாகிறது?

ஆல்பெக்ஸின் முறையில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. திரை முழுவதும் அப்படியே நினைவகத்தில் வரைபடமாகக் கிடக்கிறது. பந்தை நகர்த்த வேண்டுமானால் பழைய இடத்தை அழித்துப் புதிய இடத்தில் எழுத வேண்டும். நின்டெண்டோவின் என்.இ.எஸ். அப்படிச் செய்யவில்லை. கார்ட்ரிட்ஜில் தயாராக இருக்கும் சிறு சிறு படத்துண்டுகளை எடுத்து, ஷிஃப்ட் ரிஜிஸ்டர் எனப்படும் சிறு சுற்றுகளில் ஏற்றி, திரையில் கோடு வரையப்படும் அந்த நொடியிலேயே அனுப்பிவிடுகிறது. முழுத்திரைக்கான நினைவகம் அதற்குத் தேவையே இல்லை. நினைவகச் சில்லு விலை அதிகமாக இருந்த காலத்தில் அந்தச் சிக்கனம்தான் என்.இ.எஸ்.ஸை மலிவாக்கியது.

இரண்டும் வேலையில் ஒன்றே என்று ஆல்பெக்ஸ் வாதிட்டது. அங்கேதான் பழைய காகிதம் ஒன்று மேசைக்கு வந்தது. எழுபதுகளில் ஆல்பெக்ஸ் விண்ணப்பித்தபோது, ஒகுடா என்பவரின் முந்தைய காப்புரிமை ஒன்றைக் காட்டி, உங்களுடையதும் இதுவும் ஒன்றுதானே என்று காப்புரிமை அலுவலகம் கேட்டிருக்கிறது. ஒகுடாவின் முறை ஷிஃப்ட் ரிஜிஸ்டர்களால் இயங்குவது, எங்களுடையது முழு நினைவக வரைபடம், ஆகவே இரண்டும் வேறு என்று ஆல்பெக்ஸ் பதில் எழுதியது. அந்தப் பதிலை வைத்துத்தான் காப்புரிமையே கிடைத்தது.

வாங்கும்போது வேறு என்று சொல்லிவிட்டு, வசூலிக்கும்போது ஒன்று என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். 1996 நவம்பரில் நின்டெண்டோ காப்புரிமையை மீறவில்லை என்று தீர்ப்பு வந்தது. 25 கோடி டாலர் இழப்பீடு ரத்தானது.

மேக்னவாக்ஸ் ரஷ்ஷின் வாசகத்தை எவ்வளவு அகலமாகப் பிடித்துக்கொண்டதோ, ஆல்பெக்ஸ் தன் வாசகத்தைத் தானே அவ்வளவு குறுக்கிவிட்டிருந்தது. இந்த இருபது ஆண்டு வழக்குகளில் எந்த ஆட்டம் சிறந்தது, யாருடைய பெட்டி அதிகம் விற்றது என்பவை எடுபடவில்லை. எந்த நாளில் எழுதினீர்கள், யார் சாட்சி, என்ன வாசகத்தில் எழுதினீர்கள் என்ற மூன்று கேள்விகள்தாம் வெற்றி தோல்வியை முடிவு செய்தன. மதுக்கடையில் வரிசையில் நின்று பாங் ஆடியவர்களின் ரசனையை எந்த நீதிபதியும் சாட்சியாக அழைக்கவில்லை.

பேயரின் காப்புரிமைகள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காலாவதியாயின. அதற்குள் மேக்னவாக்ஸும் சாண்டர்ஸும் தொடுத்த வழக்குகள் ஒவ்வொன்றும் வெற்றியிலோ சமரசத்திலோதான் முடிந்தன. ஈட்டிய தொகை 10 கோடி டாலருக்கு மேல். ஒடிசிப் பெட்டிகள் 3,50,000-ஐயும் 100 டாலர் வீதம் கணக்கிட்டால்கூட வருவது மூன்றரைக் கோடிதான். பழுப்புப் பெட்டி இப்போது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேயருக்கு 2006-இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 2014 டிசம்பரில், 92 வயதில் அவர் காலமானார்.

பிரதிவாதிக் கூண்டில் இத்தனை ஆண்டுகள் நின்ற நின்டெண்டோ, தன் பங்குக்குக் காப்புரிமை சேர்க்கவும் தவறவில்லை. குன்பே யோகோய் வடிவமைத்த சிலுவை வடிவப் பொத்தானுக்கு 1987-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்று வைத்துக்கொண்டது. அதைத் தவிர்ப்பதற்காகத்தான் சோனி தன் பிளேஸ்டேஷனில் நான்கு அம்புக்குறிப் பொத்தான்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டி வந்தது. அதே சோனி, கையில் அதிரும் கட்டுப்பாட்டுக் கருவிக்காக இம்மெர்ஷன் என்ற நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டு, 2007-இல் சுமார் 15 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்ட கதையை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)